நிலத்துக்காக ஒரு முக்காடு

மண்ணில் உள்ள ஈரம் எவரிடமும் முன் அனுமதி பெறாமல், பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்னும் அதிர்ச்சித் தகவல் அரசாங்கத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அரசாங்கம் சும்மா இருக்குமா? ஒரு குடிமகன் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு கட்டுவதற்கே மேசை மேசையாக அலைந்து கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்போது, இந்த ஈரத்துக்கு மட்டும் இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று மேலிடத்தில் காரசாரமாகப் பேசினார்கள். பேச்சின் முடிவில் மண் ஈரப் பாதுகாப்பு இயக்ககம் உதயமாயிற்று.

இயக்ககத்துக்கு ஒரு பழைய கட்டடத்தின் மாடி கிடைத்தது. மேலே மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டி ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் பச்சைப்பசேலென்று பாசி வளர்த்தது. வட்டாரம் முழுக்கப் புழுதி பறந்தாலும், ஈரம் முறைப்படி பாதுகாக்கப்பட்ட ஒரே இடம் ஈரப் பாதுகாப்பு இயக்ககம்தான்.

அந்தப் பாசிச் சுவரில்தான் ஈரமானி மாட்டியிருந்தது. மண்ணில் குத்தி ஈரத்தை அளக்க வேண்டிய கருவி அது. ஆனால் வயலுக்கு எடுத்துப்போனால் மண் ஒட்டிக்கொள்ளுமே! அதனால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, குத்தும் ஊசியை மட்டும் சுவருக்குள் சொருகியிருந்தார்கள். காலையில் வந்ததும் இயக்குநர் முள்ளைப் பார்ப்பார். "நாட்டின் ஈரம் மிகச் சிறப்பான நிலையில் உள்ளது" என்று மேலிடத்துக்குப் போன் போட்டுச் சொல்வார். மேலிடமும் நிம்மதியாக டீ குடிக்கும்.

இந்த அலுவலகத்தில் காலில் மண் ஒட்டுகிற ஒரே ஆள் ஈரக்கா. பதவிப் பெயர் கள உதவியாளர். 'ஈரத்து ஆபீஸ் அக்கா' என்று விவசாயிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது தேய்ந்து ஈரக்கா ஆகிவிட்டது. சம்பளம் வாங்குவது இங்கே என்றாலும் அவள் உயிர் இருந்தது ஊருக்கு வெளியே, வீட்டுக்காரர் பாடுபடுகிற நிலத்தில். மானாவாரி நிலம். கிணறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. வானம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் வெறும் புழுதி. போன போகமும் அதற்கு முந்தின போகமும் புழுதிதான்.

பக்கத்தில் செங்கல் சூளை வைத்திருப்பவருக்கு அந்த நிலத்தின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். நிலத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அது செங்கல்லாகவே தெரியும். ஒருநாள் டீக்கடையில் வைத்து, "இந்தத் தடவையும் காஞ்சா என்ன பண்றதா உத்தேசம்?" என்று வாயைக் கிளறினார்.

"காஞ்சா நீங்களே எடுத்துக்குங்க, போங்க! அறுத்துச் செங்கல்லாப் போட்டுக்குங்க!" என்று சொல்லிவிட்டார் ஈரக்காவின் வீட்டுக்காரர்.

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குகிற ஆளும் இல்லை அவர்.

"உங்க வாயை எதை வெச்சு அடைக்கிறது?" என்று ஈரக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மண்ணைக் குடுத்துட்டா அப்புறம் அங்க பள்ளம்தான் இருக்கும். பள்ளத்துல எதை விதைக்கிறது, தவளையையா?"

"அவன் அதுக்கு முன்னாடி என்னை வழுக்கைன்னு சொன்னான்மா. அதான் கோவத்துல வந்திருச்சு."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. ஒரு காலத்தில் நெற்றியில் சுருள் சுருளாக விழுந்த முடி, இப்போது கல்யாணப் போட்டோவில் மட்டும்தான் இருந்தது. வழுக்கை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மனுஷன் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

நல்லவேளையாக ஒரு மழை பெய்தது. வஞ்சனையில்லாத மழை. சோளம் விதைத்தார்கள், முளைத்தது. முளைத்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாக, பழைய சோளத்தட்டையையும் சருகையும் கொண்டுவந்து வரிசைகளுக்கு நடுவே பரப்பி, மண் கண்ணுக்கே தெரியாமல் மூடிவிட்டார்கள். விவசாயிகள் பாஷையில் இதற்குப் பெயர் மூடாக்கு. வெயில் மண்ணைத் தொடாது. ஈரம் அடியிலேயே தங்கும். அடுத்த மழை என்றைக்கோ, அதுவரை சோளத்துக்குச் சோறும் தண்ணியும் அந்த ஈரம்தான்.

நம் நிலத்துக்கு மட்டும் போட்டால் போதுமா, வட்டாரத்துக்கே சொல்லலாமே என்று ஈரக்காவுக்கு ஆசை வந்தது. ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு வரக் கூடாத ஆசை. உட்கார்ந்து ஒரே ஒரு வரியில் சுற்றறிக்கை எழுதினாள்: 'மானாவாரி விவசாயிகள் அனைவரும் தத்தம் நிலத்துக்கு மூடாக்கு இட வேண்டும்.'

இயக்குநர் தமிழில் புலி. பிழையைக் கண்டால் அவருக்கு உடம்பு அரிக்கும். சட்டைப்பையில் சிவப்புப் பேனா எப்போதும் மூடியில்லாமல்தான் இருக்கும். எந்த நேரத்தில் பிழை வரும் என்று யாருக்குத் தெரியும்? பை முழுக்கச் சிவப்புக் கறை.

"மூடாக்கா? என்னம்மா இது?"

"சார், அது வந்து..."

"முக்காடுன்னு ஒரு வார்த்தை எழுதத் தெரியாதா? எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கு."

"இல்ல சார், மூடாக்குதான். தட்டை, சருகு எல்லாம் போட்டு மண்ணை மூடுறது. விவசாயிங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"அவங்க தப்பாச் சொன்னா நாமளும் தப்பா எழுத முடியுமா? அரசாங்க உத்தரவுல சருகு எப்படிம்மா வரும்? சருகு, குப்பையெல்லாம் சுகாதாரத் துறை. நம்ம துறை ஈரம்."

பேனா 'மூடாக்கு' மேல் ஒரு கோடு இழுத்தது. மேலே 'முக்காடு' என்று எழுதியது. பிறகு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்த இயக்குநரின் நெற்றி சுருங்கியது.

"நிலத்துக்கு முக்காடு... நிலத்துக்கு ஏதும்மா தலை?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்!" ஈரக்காவுக்கு உயிர் வந்தது.

"இதோ பிடிச்சிட்டேன். நீ இன்னொரு பிழையும் விட்டிருக்கே." அவர் 'நிலத்துக்கு' என்பதை 'நிலத்துக்காக' என்று திருத்தினார். "விவசாயிகள் அனைவரும் தத்தம் நிலத்துக்காக முக்காடு இட வேண்டும். இப்பப் படிச்சுப் பாரு. எவ்வளவு உருக்கமா இருக்கு!"

ஈரக்கா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் உத்தரவு அச்சாகி, முத்திரை குத்தி, வட்டாரம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

உத்தரவு போட்டால் விளக்கவுரை வேண்டுமே. அதையும் இயக்குநரே அருளினார். விவசாயி முக்காடு போட்டால் தலையில் வெயில் படாது. வெயில் படாவிட்டால் வியர்க்காது. வியர்க்காவிட்டால் தாகம் எடுக்காது. தாகம் எடுக்காவிட்டால் தண்ணீர் குடிக்க மாட்டான். அவன் குடிக்காத தண்ணீர் எங்கே போகும்? மண்ணில்தான் இருக்கும். இதில் குற்றம் கண்டுபிடிக்க முடிந்தால் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

வயல் வயலாகப் போய் முக்காட்டைச் சரிபார்ப்பது ஈரக்காவின் வேலை ஆயிற்று. விவசாயிகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் ஈரக்கா, தாகம் எனக்கா, பயிருக்கா?"

"விளக்கவுரையில உங்களுக்குன்னுதாண்ணே போட்டிருக்கு."

"அப்ப என் மாடு? அது ஒரு தொட்டி குடிக்குதே!"

"மாடு பரிசீலனையில இருக்குண்ணே."

"இந்தச் சோளக்கொல்லை பொம்மை?"

"அது நாள் முழுக்க வெயில்ல நிக்குது இல்ல? அதுக்குக் கட்டாயம் போடணும்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேட்டவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முக்காடு போட்டார்கள். உத்தரவு அல்லவா!

போடாத ஒரே ஆள் அவளுடைய வீட்டுக்காரர்.

"கடன்காரனுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுறவன்தான் முக்காடு போடுவான். நான் எதுக்குப் போடணும்?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லு. என் தலையை மூடணும்னுதானே இந்த உத்தரவையே எழுதினே?" என்று கேட்டார்.

"ஐயோ கடவுளே! நான் உங்க நிலத்தை மூடத்தாங்க எழுதினேன்!"

"அதான் ஏற்கெனவே மூடியாச்சே. அப்ப மிச்சம் இருக்கிறது என் தலைதானே?"

அவரிடம் பேசி ஜெயிக்க இயக்குநராலும் முடியாது.

இதற்குள் நகரத்தில் வேறு கூத்து ஆரம்பித்திருந்தது. நகரத்து மக்களுக்கு நிலமும் கிடையாது, பயிரும் கிடையாது. ஆனால் மண்ணின் மேல் பாசம் உண்டு. அதைக் காட்ட ஒரு வழி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முக்காடு வரப்பிரசாதமாக வந்து சேர்ந்தது. தையல்கடைகளில் 'இங்கு அசல் ஈர முக்காடு கிடைக்கும்' என்று பலகை தொங்கியது. ஆபீசுக்கு ஒரு முக்காடு, சினிமாவுக்கு ஒரு முக்காடு, வீட்டில் தூங்கும்போது போட்டுக்கொள்ள லேசாக ஒரு முக்காடு. முக்காட்டு முனையை இடப்பக்கம் போட்டால் ஈரம் நிற்குமா, வலப்பக்கம் போட்டால் நிற்குமா என்று டிவியில் நிபுணர்கள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். எந்த நிபுணர் காலிலும் மண் இல்லை.

நகரத்தில் குடியிருக்கும் ஈரக்காவின் தங்கச்சி போன் செய்தாள்.

"அக்கா, உங்க வயல்ல சோளத்தட்டை கிடக்குதாமே?"

"கிடக்கல, போட்டு வெச்சிருக்கோம். ஏண்டி?"

"சும்மா துணி முக்காடெல்லாம் இப்பப் பழசுக்கா. ஓரத்துல தட்டை வெச்சுத் தைக்கிறதுதான் இப்ப. அதுலயும் மண்ணு ஈரத்துல ஊறின தட்டைன்னா தனி மவுசு. எனக்கு ஒரு கட்டு அனுப்பேன்."

"அடிப்பாவி, அதை எடுத்தா மண்ணு காஞ்சிடும்டி!"

"மண்ணு காயக் கூடாதுன்னுதானேக்கா நாங்க முக்காடே போடுறோம்?"

மறுநாளிலிருந்து வயல்களுக்கு வண்டிகள் வர ஆரம்பித்தன. விவசாயிகள் போட்டிருந்த கொஞ்சநஞ்சத் தட்டையும் சருகும் நகரத்துத் தலைகளுக்குப் போயிற்று. ஈரக்காவின் வீட்டுக்காரர் மட்டும் கையில் கம்போடு வரப்பில் நின்று, வந்த வண்டியை எல்லாம் விரட்டினார்.

ஆனால் அரசாங்க லாரியை எந்தக் கம்பால் விரட்டுவது? முக்காட்டின் மகிமையை மக்களுக்கு உணர்த்த அதிகாரிகள் எல்லோரும் ஊர்வலம் போவதென்று மேலிடத்தில் முடிவாயிற்று. அதிகாரி என்றால் துணி முக்காடு போடுவாரா? தட்டை முக்காடுதான்.

"யாரோ ஒரு ஆள் நல்ல தட்டையைக் கொண்டுபோய் நிலத்துல கொட்டி வீணாக்குறாராம். விசாரிச்சா உன் வீட்டுக்காரராமே! ரொம்ப வசதியாப் போச்சு" என்று இயக்குநர் மகிழ்ந்தார்.

"சார், அதுதான் சார் ஈரத்தைக் காப்பாத்துது. தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க."

"நானும் ஈரத்தைக் காப்பாத்தத்தாம்மா கேக்குறேன். நீ ஈரத்துக்கு ஆதரவா, எதிரா?"

லாரி வந்தது. வழித்து வாரிக்கொண்டு போயிற்று. வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஈரக்கா பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். கொஞ்ச நாளில் முழங்கால் உயரத்துச் சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டது. மண்ணில் வெடிப்பு விட்டது. சூளைக்காரர் முக்காடு போட்டுக்கொண்டு, அளவு நாடாவும் செங்கல் அச்சும் எடுத்துக்கொண்டு வந்து, "அவசரமில்லைங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்று நிலத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நாட்டின் தலையெழுத்தையே மாற்றிய அந்தச் சம்பவம் நடந்தது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு இயக்குநரின் புதுத் தட்டை முக்காட்டில் விழுந்துவிட்டது. அவர் கோபத்தில் குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டார். வந்தவர் ஒழுகலை அடைத்தார். சுவர் காய்ந்தது, பாசி உதிர்ந்தது, ஈரமானியின் முள் சரசரவென்று இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"போச்சு!" இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "நாட்டோட ஈரம் மொத்தமும் போச்சு!"

ஈரக்கா ஓடி வந்தாள். "சார், தொட்டி ஒழுகறது நின்னு..."

"குறுக்க பேசாதே, யோசிச்சிட்டிருக்கேன். எல்லாரும் முக்காடு போட்டாச்சு. அப்பவும் ஈரம் போகுதுன்னா, முக்காட்டுக்குக் கீழ என்னமோ நடக்குது. கீழ என்ன இருக்கு?"

"தலை சார்."

"தலைக்கும் முக்காட்டுக்கும் நடுவுல?"

"முடி சார்."

"அதான்! குளிச்சிட்டு வந்தா முடி காய எவ்வளவு நேரம் ஆகுது? ஏன்? ஈரத்தை இழுத்து வெச்சுக்குது. நாட்டோட ஈரம் எங்கயும் போகலம்மா. எல்லாம் நம்ம தலைமுடியில பதுங்கியிருக்கு!"

அன்று மாலையே மொட்டை உத்தரவு வெளியாயிற்று. ஈரத்துக்கு ஆண் பெண் பேதம் கிடையாது என்பதால் அனைவருக்கும் மொட்டை. இயக்குநருக்கு மட்டும் விலக்கு. அவர் இயக்ககத்தின் தலைமை. தலைக்கு மொட்டை போடலாம், தலைமைக்கு மொட்டை போட விதியில் இடமில்லை.

ஈரக்காவின் பின்னல் இடுப்பு வரை தொங்கும். சலூனில் அது கீழே விழுந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நகரத்துத் தங்கச்சியோ போனில் குதித்தாள். "அக்கா, தலை எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா! காதோரம் எண்ணெய் வெச்சு மினுமினுன்னு விடுறதுதான் இப்ப. மாமா மாதிரி வராதுக்கா, மாமாவுக்கு இயற்கையாவே அமைஞ்சிருக்கு!"

மாமா, அதாவது வீட்டுக்காரர், பயிர் வாடுகிற துக்கத்திலும் ஒரு தடவை கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டை. யார் வழுக்கை, யார் மொட்டை என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

முடி எடுத்தாயிற்று. எடுத்த முடியை என்ன செய்வது? அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. சலூன் வாசல்களில் குவிந்தது. சாக்கடையை அடைத்தது. காற்றடித்தால் டீ கிளாசில் விழுந்தது. கடைசியில் அந்தக் குவியல்களைக் கொண்டுவந்து இயக்ககத்தின் பின்புறமே கொட்டிவிட்டுப் போனார்கள். துறை பண்ணிய வேலைக்குத் துறைதானே பொறுப்பு?

ஈரக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். தன் பின்னல் எங்கேயாவது தெரிகிறதா என்று ஒரு நப்பாசை. குச்சியால் குவியலைத் தள்ளிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சுற்றிலும் மண் வெந்து கிடந்தது. முடிக்கு அடியில் மண் கறுப்பாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

மூடாக்கு என்று வாயைத் திறந்தால் முக்காடாகிவிடும். அது அவளுக்குப் பட்டுத் தெரிந்திருந்தது. ஆகவே முகத்தைக் கழுவிக்கொண்டு, இயக்குநரின் பாஷையை வாயில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், வெளியில கிடக்கிற முடி, நாட்டோட ஈரத்தைக் குடிச்ச முடிதானே?"

"அதுல என்னம்மா சந்தேகம்?"

"அப்ப அது திருட்டுச் சொத்து ஆகுது இல்லீங்களா சார்?"

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திருட்டுச் சொத்தை உரியவங்ககிட்ட ஒப்படைக்கணும். ஈரம் மண்ணோடது. அதனால முடியை வயலுக்கே கொண்டுபோய், பயிருக்கு நடுவுல வரிசையாப் பரப்பி வெச்சோம்னா, குடிச்ச ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கக்கிடும் சார்."

"ஈர மீட்பு!" இயக்குநர் மேசையில் அடித்தார். "உனக்கும் மூளை இருக்கும்மா! மொட்டை போட்டதும்தான் வெளியில தெரியுது!"

லாரிகள் கிளம்பின. முதல் லாரி யார் நிலத்துக்குப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. புருஷனும் பெண்டாட்டியும் முடியை வரிசை வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க மண்கட்டியால் அமுக்கினார்கள். கறுப்பு, செம்பட்டை, நரை, சுருட்டை, சாயம் போட்டது என்று ஊர்த் தலைகள் எல்லாம் நிலத்தில் படுத்திருந்தன. மற்ற விவசாயிகளும் சிரித்துக்கொண்டேதான் பரப்பினார்கள். நடுவில் பிசுபிசுவென்று ஒரு தூறல் விழுந்தது. சாதாரண நாளில் அது புழுதியை அடக்கவே பத்தாது. இந்தத் தடவை மண் அதைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொண்டது.

சோளம் சுருட்டிய இலையை விரித்தது. இடுப்பளவு வளர்ந்தது. ஆளை மறைத்தது. கதிர் வாங்கி, பால் பிடித்து, மணி கெட்டித்துத் தலையைச் சாய்த்தது. ஈரக்காவுக்கு நிலத்தைப் பார்க்கப் பார்க்கப் பைத்தியம் பிடித்துவிடும்போல் சந்தோஷம். மொட்டைத் தலையோடு வரப்பில் குதித்துக் குதித்து ஓடினாள். வீட்டுக்காரர் ஒரு கதிரை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காலங்காலமா நமக்கு யார் யாரோ மொட்டை போட்டிருக்காங்கம்மா. போட்ட முடி நம்ம நிலத்துக்கே வந்து சேர்ந்தது இதுதான் மொதல் தடவை!"

சூளைக்காரர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அவசரமில்லைங்க. அடுத்த போகம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த போகம்! அந்த வார்த்தை ஈரக்காவின் காதில் நின்றுவிட்டது. அறுவடை நல்லபடியாக முடிந்து, சோளம் மூட்டையில் ஏறிய அன்று மேலிடம் இயக்குநரைக் கூப்பிட்டுப் பாராட்டியது. இந்த வெற்றியை நிரந்தர உத்தரவாகப் போடச் சொன்னது. இயக்குநர் ஈரக்காவைக் கூப்பிட்டு, "நீயே எழுதி எடுத்துட்டு வா. பிழையை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஈரக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மனுஷர் நான் எதை எழுதினாலும் திருத்துவார். சரியாக எழுதினால் தப்பாகத் திருத்துகிறார். அப்படியென்றால் தப்பாக எழுதினால்? சரியாகத் திருத்தியாக வேண்டும் அல்லவா? அவளுக்கே அவள் மூளையை நினைத்துப் புல்லரித்தது. 'விவசாயிகள் அனைவரும் தத்தம் நிலத்துக்கு முடி முக்காடு இட வேண்டும்' என்று எழுதி நீட்டினாள். இனி அவர் கோடு இழுக்க வேண்டியது, மூடாக்கு என்று எழுத வேண்டியது, அவ்வளவுதான்.

இயக்குநர் படித்தார். சிவப்புப் பேனா இறங்கியது, 'முக்காடு' மேல் வந்து நின்றது. ஈரக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சபாஷ்! இத்தனை நாள்ல முதல் தடவையா முக்காடுங்கிற வார்த்தையைப் பிழையில்லாம எழுதியிருக்கே!" அவர் கண் கலங்கிவிட்டது. "ஒரே ஒரு சின்னத் திருத்தம்." 'நிலத்துக்கு' என்பதை 'நிலத்துக்காக' என்று மாற்றினார். "முடியாலேயே ஒரு முக்காடு! எல்லாரும் மொட்டையா இருக்கிற நேரத்துல எவ்வளவு பொருத்தமான யோசனை! வயல்ல கிடக்கிற முடிதான் ஈரத்தைக் கக்கிச் சுத்தமாயிடுச்சே, அதையே எடுத்துத் தலைக்குச் செஞ்சுக்கலாம். இதுக்கு ஜனங்க என்னம்மா சொல்லுவாங்க?"

"டோப்பான்னு சொல்லுவாங்க சார்" என்றாள் ஈரக்கா. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தப்பான வார்த்தை. முடி முக்காடுன்னே இருக்கட்டும்."

கொண்டுவந்து கொட்டிய லாரிகளே திரும்பி வந்து, வயல் வயலாக முடியை வாரிக்கொண்டு போயின. நகரத்தில் ஒரே கொண்டாட்டம். "மண்ணு வாசனையோட வருதுக்கா! எனக்குச் செம்பட்டை கிடைச்சிருக்கு!" என்று தங்கச்சி கூவினாள். யார் முடி யார் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஈரக்காவின் இடுப்பளவுப் பின்னல் எந்த மகராசி தோளில் ஆடிக்கொண்டிருந்ததோ!

வட்டாரத்திலேயே சிறந்த விவசாயி என்று முதல் முடி முக்காட்டை ஈரக்காவின் வீட்டுக்காரருக்கே, வீடு தேடி வந்து கொடுத்தார்கள். தூக்கி முகத்தில் எறிவார் என்று அவள் காத்திருந்தாள். துணி முக்காட்டுக்கே அந்த ஆட்டம் ஆடியவர் ஆயிற்றே! அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சுருட்டை முடி. அப்படியே எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

ஈரக்கா ஒரு நடை வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நிலம் மழமழவென்று மொட்டையாகக் கிடந்தது. வெயில் ஏறி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தால், போகும்போது எந்தக் கண்ணாடி முன் நின்றாரோ அதே கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார் மனுஷன். பக்கத்தில் கல்யாணப் போட்டோவைச் சாய்த்து வைத்திருந்தார்.

"ஏங்க, நிலத்துல ஒரு முடி விடாம வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த மழைக்கு என்ன பண்ணப் போறோம்? உங்க தலையில இருக்கிறதையாவது குடுங்க, ஒரு மூலையிலயாவது போட்டு மூடுவோம்."

வீட்டுக்காரர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெற்றியில் விழுந்த சுருளை ஒதுக்கிப் பார்த்தார். மறுபடியும் இழுத்து நெற்றியில் விட்டுக்கொண்டார்.

"மழை வர்றப்பப் பாத்துக்கலாம்மா. இது பக்கவாட்டுல இருந்து பாத்தா எப்படி இருக்கு?"

ஈரக்கா வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது. சூளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். தலையில் அவருக்கும் ஒரு முடி முக்காடு, கையில் அளவு நாடா.

"அசல் மாதிரியே இருக்குங்க" என்றார்.